பருப்புப்பொடி விற்கப் போய் ஒயருக்கு வரி கட்டிய கதை

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். கடையில் கல்லா மேசை மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பருப்புப்பொடி அரைக் கிலோ, கறிவேப்பிலைப்பொடி கால் கிலோ, இட்லி மிளகாய்ப்பொடி கால் கிலோ. மொத்தம் 640 ரூபாய். பெங்களூரில் என் அக்கா மகனோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் கேட்டிருந்தான், ஜிபேயில் பணமும் போட்டுவிட்டான். கூரியர் பையன் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் எங்கள் ஆடிட்டர் சார் டியூப்லைட் வாங்க வந்துவிட்டார்.

எனக்குக் கும்பகோணத்தில் எலக்ட்ரிக்கல் கடை. ஒயர், சுவிட்ச், ஃபேன், பல்பு. அப்பா காலத்துக் கடை, இப்போது என் பெயரில் ஓடுகிறது. அந்தக் கடைக்கு நடுவில்தான் பொடி வாசனை.

"என்ன தம்பி, பார்சல் சர்வீஸும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார், அம்மா பண்ற பொடி. சும்மா சைடுல."

"எங்க போகுது?"

"பெங்களூர்."

கையில் இருந்த டியூப்லைட்டை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். "பணம் வாங்கிட்டீங்களா?"

"640 ரூபாதான் சார்."

"திருப்பி அனுப்பிடுங்க. இந்தப் பெட்டி கடையை விட்டு வெளிய போச்சுன்னா உங்க காம்போசிஷனும் அதுகூடவே போயிடும்."

காம்போசிஷன் என்பது சின்ன வியாபாரிகள் சுருக்கமாக வரி கட்டும் ஜிஎஸ்டி வழி, என் கடை அதில்தான் இருந்தது. கூரியர் பையன் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

அதுவரை என் மனசில் இருந்த கணக்கு இதுதான்: எலக்ட்ரிக்கல் கடை ஒன்று, அதற்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டுகிறோம், முடிந்தது. பொடி வேறு. வேறு பெயர், வேறு இடம், எலக்ட்ரிக்கலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வருடத்துக்கு மிஞ்சிப் போனால் 3 லட்சம் விற்கும். சரக்கு விற்கிறவனுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை ஜிஎஸ்டியே வேண்டாம் என்கிறார்கள், அப்புறம் 3 லட்சத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள்? இதை நான் மட்டும் நினைக்கவில்லை. எங்கள் கடைத்தெருவில் இரண்டாவதாக ஏதோ ஒன்று தொடங்கிய யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஆடிட்டர் சார் என் கடைச் சுவரில் மாட்டியிருந்த ரிஜிஸ்ட்ரேஷன் சான்றிதழைக் காட்டி, "இதுல உங்க கடை எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். நம்பரில் 15 எழுத்து. முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்து என் பான் கார்டு நம்பர், அப்படியே. அதற்கடுத்த 1, இந்த மாநிலத்தில் இந்தப் பான் மேல் எடுத்த முதல் பதிவு என்பதற்கு. மீதி இரண்டு சும்மா, ஒரு இசட், ஒரு சரிபார்ப்பு எழுத்து. கடைக்கென்று அதில் ஒரு எழுத்து கூட இல்லை. ஒன்பது வருடமாகத் தினமும் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

தனி ஆள் நடத்தும் கடை என்றால் கடையும் ஆளும் ஒன்றுதான். கடைக்குத் தனியாகப் பான் கிடையாது, நம் பான்தான். வரி பான் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பானுக்குக் கீழே நாம் எத்தனை பெயர்ப்பலகை மாட்டினாலும் மொத்த விற்பனை ஒன்றுதான். சட்டத்தில் 'அக்ரிகேட் டர்ன்ஓவர்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே பானில் இந்தியா முழுக்க நடக்கும் எல்லா விற்பனையும் அதில் சேரும். வரி உள்ள சரக்கு, வரி இல்லாத சரக்கு, ஏற்றுமதி, வெளிமாநிலத்துக்குப் போனது எல்லாமே. நாம் வசூலிக்கும் ஜிஎஸ்டி மட்டும் சேராது. மாடி போர்ஷனைக் குடித்தனத்துக்கு விட்டிருந்தால் அந்த வீட்டு வாடகைக்கு வரி கிடையாது, ஆனால் அதுவும் இந்த மொத்தத்தில் சேரும். இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இங்கே என் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இதுவரை ஜிஎஸ்டியே எடுக்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடி அதிகம் விழுவது அவர்களுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், வருடம் 30 லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சரக்கு விற்பனை, 40 லட்சத்துக்குக் கீழே, பதிவு வேண்டாம். சரி. பக்கத்துக் கடை காலியானதும் அதை எடுத்து ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் என்று ஒன்று போட்டார். அதில் வருடம் 4 லட்சம் வரும். இரண்டையும் சேர்த்தாலும் 34 லட்சம்தானே, 40 தாண்டவில்லையே என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் அந்த 40 லட்சம் சரக்கு மட்டுமே விற்கிறவர்களுக்கு. சேவை என்று ஒன்று உள்ளே வந்தவுடன் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். ஜெராக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்ததுமே அவர் 20 லட்சத்தைத் தாண்டிய ஆளாகிவிட்டார். அதிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் மறைத்து மாட்டிக்கொண்டால் கட்ட வேண்டிய வரி அளவுக்கு, குறைந்தது 10,000 ரூபாய், அபராதமும் உண்டு. 4 லட்ச ரூபாய் ஜெராக்ஸ் 30 லட்ச ரூபாய் மளிகையை இழுத்துக்கொண்டு போய் வரிக்குள் தள்ளியது. தனித்தனிக் கடை, தனித்தனி ஷட்டர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் உண்டு. வெளிமாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்றால் 40 லட்சமும் கிடையாது, 20 லட்சமும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து ஹைதராபாத்துக்கு முறுக்கு அனுப்பும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

என் கதைக்கு வருகிறேன். நான் காம்போசிஷனில் இருந்தேன். 2017 ஜூலை 1 ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது எடுத்தது. ஒன்றரைக் கோடிக்குள் விற்கும் சின்ன வியாபாரிக்கான வழி அது. விற்பனையில் 1 சதவீதம் கையிலிருந்து கட்டிவிட வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கொடுத்த வரியைத் திரும்பக் கேட்கவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு கட்டணம், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். கணக்குப்பிள்ளை வைக்க வசதியில்லாத என் போன்றவர்களுக்கு அது ஒரு வரம். ஆனால் நிபந்தனைகள் உண்டு, அதில் ஒன்று வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது என்பது. நான் எலக்ட்ரிக்கல் கடைக்காரன், வெளிமாநிலத்துக்கு எதற்கு ஒயர் அனுப்பப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

காம்போசிஷனும் பான் மேல்தான். ஒரே பானில் இருக்கும் வியாபாரம் எல்லாமே அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே இருக்க முடியாது. எலக்ட்ரிக்கலை 1 சதவீதத்தில் வைத்துக்கொண்டு பொடிக்கு மட்டும் தனியாக வழக்கமான பதிவு எடுத்து வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறேன் என்றால் நடக்காது. இரண்டாவது தொழிலாக ஐஸ்கிரீம் தயாரித்தாலோ செங்கல் அறுத்தாலோ இதே கதிதான், அவை காம்போசிஷனுக்கு ஆகாத சரக்கு, ஆகவே முதல் கடையும் வெளியே. சேவைக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். என்னைப் போன்ற கடைக்காரர் ஒருவர் ஆள் வைத்து ஒயரிங் வேலையும் எடுத்துச் செய்தால், முந்தின வருட விற்பனையில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை செய்துகொள்ளலாம்.

"சரி சார், பெங்களூர் வேண்டாம், நம்ம பக்கம் மட்டும் விக்கிறேன்" என்றேன். "காரைக்கால்ல சித்தி வீட்டுத் தெருவுல ஏழெட்டு வீட்ல கேக்குறாங்க."

"காரைக்கால் எந்த மாநிலம்?"

அட கடவுளே. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும் ஊர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். ஆனால் அது புதுச்சேரி, ஜிஎஸ்டியில் 34. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு அனுப்பினால் உள்மாநிலம், சித்தி வீட்டுக்கு அனுப்பினால் வெளிமாநிலம். (புதுச்சேரியில் சரக்குக்கும் 20 லட்சம்தான் வரம்பு, 40 இல்லை. காரைக்காலில் கடை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுக் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.)

உடனே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காரைக்கால் ஆட்கள் என் கடைக்கு வந்து எத்தனையோ முறை ஒயர் காயில் வாங்கிப் போயிருக்கிறார்கள். "பில்லுல ஊர் பேர் எழுதினீங்களா?" என்று கேட்டார். ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவர்களுக்கு விற்கும்போது, பில்லில் அவர்கள் முகவரி எழுதியிருந்தால் சரக்கு அந்த ஊருக்குப் போனதாகக் கணக்கு, எழுதவில்லை என்றால் நம் கடையிலேயே முடிந்ததாகக் கணக்கு. 2023 அக்டோபரிலிருந்து இப்படி. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாக எடுத்துக்கொள்வார்களாம். நான் பில்லில் பெயரைத் தவிர எதுவும் எழுதுவதில்லை. சோம்பேறித்தனம்தான் காரணம். அன்றைக்கு அது காப்பாற்றியது.

அன்று ராத்திரி கடை சாத்திய பிறகு இருவரும் உட்கார்ந்து பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குதான் இதையெல்லாம் எழுத வைத்தது.

என் விற்பனை வருடத்துக்கு 72 லட்சம். காம்போசிஷனில் 1 சதவீதம், 72,000 ரூபாய் வரி. இதே விற்பனையை வழக்கமான முறைக்கு மாற்றினால்? எலக்ட்ரிக்கல் சாமானுக்கு 18 சதவீதம். விலையை ஏற்ற முடியாது, எதிர்க்கடைக்காரர் விலைதான் என் விலை. ஆகவே அந்த 72 லட்சத்துக்குள்ளேயே வரி இருப்பதாகப் பிரிக்க வேண்டும். 118இல் 18 பங்கு, 10,98,305 ரூபாய். நான் கொள்முதல் செய்வது வரியோடு சேர்த்து 63,72,000. அதற்குள் இருக்கும் வரி 9,72,000, அதை இன்புட்டாக, அதாவது கொள்முதலிலேயே கொடுத்துவிட்ட வரியாக, கழித்துக்கொள்ளலாம். மீதி கையிலிருந்து கட்ட வேண்டியது 1,26,305. காம்போசிஷனைவிட 54,305 ரூபாய் கூடுதல்.

பொடியில் வருடம் 3 லட்சம் விற்றால் பருப்பு, எண்ணெய், கவர், கூரியர், அம்மாவுக்கு உதவிக்கு வருபவருக்குச் சம்பளம் எல்லாம் போக 75,000 நிற்கும் என்பது என் கனவு. அதில் 54,305 ரூபாய், பொடிக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒயருக்கும் சுவிட்சுக்கும் போய்விடும். பொடிக்கு 5 சதவீதம்தான், அதை வாங்குகிறவர் கொடுத்துவிடுவார், அதில் சிக்கலில்லை. இதே பொடியைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றிருந்தால் காம்போசிஷனிலேயே இருந்துகொண்டு 3 லட்சத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதாவது எல்லை தாண்டுகிற உரிமைக்கு மட்டும் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் விலை.

இரண்டாவது தொழில் தொடங்குகிறவர்கள் அந்தத் தொழிலின் வரியைத்தான் கணக்குப் போடுகிறார்கள். முதல் தொழிலின் வரியை அது என்ன செய்யும் என்று யாரும் போடுவதில்லை. நானும் போடவில்லை.

வழிகள் மூன்று இருந்தன. தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. வேறொருவர் பானில் பொடியைத் தொடங்குவது இன்னொன்று. இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், "வீட்டம்மா பேர்ல போட்டுடுங்க." ஆடிட்டர் சார் மூன்று கேள்விதான் கேட்டார்: பணம் யாருடையது, பேங்க் கணக்கை யார் இயக்கப் போகிறார்கள், சரக்கு யார் வாங்கப் போகிறார்கள்? மூன்றுக்கும் நான்தான் பதில். பெயர் மட்டும் மனைவியுடையது என்றால் அது அவள் தொழில் ஆகாது, யாராவது நோண்டினால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள், என் பணத்தில் அவள் பெயரில் வரும் வருமானத்தை வருமான வரியில் என்னோடு சேர்க்கும் பூதம் வேறு இருக்கிறது. நிஜமாகவே அவளே நடத்துகிறாள் என்றால் ஒரு தப்பும் இல்லை, தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்ப அவளுக்கும் முதல் நாளே பதிவு வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் பொடி அம்மாவுடையது. கைப்பக்குவம் அவளுடையது, அரைக்கிற மிக்ஸி கூட அவள் சீட்டுப் பணத்தில் வாங்கியது. "உன் பேர்லயே போடலாமாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு அறுபத்தெட்டு வயசுடா. மாசாமாசம் ஓடிபி சொல்லிக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது" என்று முடித்துவிட்டாள்.

மூன்றாவது வழி காம்போசிஷனை விட்டுவிடுவது. அதைத்தான் செய்தேன், அதற்குக் காரணம் பொடி மட்டுமில்லை. வீடு கட்டித்தரும் காண்ட்ராக்டர்கள் இரண்டு மூன்று பேர் வருடக்கணக்காக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், "அண்ணே, டாக்ஸ் பில் குடுங்க, மொத்தமா உங்ககிட்டயே எடுக்குறோம்" என்று. காம்போசிஷன்காரன் டாக்ஸ் பில் கொடுக்க முடியாது, வரி காட்டாத 'பில் ஆஃப் சப்ளை'தான், அதில் அவர்களுக்கு இன்புட் கிடைக்காது. அவர்கள் தஞ்சாவூர் போய் வாங்கினார்கள். அந்த வியாபாரம் வந்தால் 54,000 ஈடுகட்டும் என்று ஒரு கணக்கு. சரியா தப்பா என்று ஒரு முழு வருடம் போனால்தான் சொல்ல முடியும்.

நடு வருடத்திலும் விலகலாம், ஆனால் கணக்கு குழம்பாமல் இருக்க ஏப்ரல் 1 என்று வைத்துக்கொண்டோம். விலகுவதற்கு சிஎம்பி-04 என்ற படிவம். தானாக விலகினாலும் சரி, நிபந்தனை மீறிவிட்டாலும் சரி, அதுதான். மீறிவிட்டால் ஏழு நாளுக்குள் போட வேண்டும், மீறிய நாளிலிருந்தே முழு வரியும் நம் தலையில். அன்றைக்கு அந்தப் பெட்டி கூரியரில் போயிருந்தால் அன்று ராத்திரியிலிருந்து விற்ற ஒவ்வொரு சுவிட்சுக்கும் 18 சதவீதம், அதுவும் எனக்கே தெரியாமல்.

மார்ச் 31 ராத்திரி சரக்கு எண்ணினோம். நான், கடைப் பையன், அக்கா மகன் மூவரும். காம்போசிஷனிலிருந்து வெளியே வரும் அன்று கையில் இருக்கும் சரக்குக்குக் கொடுத்த வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம், ஐடிசி-01 என்ற படிவத்தில் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் கொள்முதல் பில் ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். அந்த பில்லை நமக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டியும் இருக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு வருடத்துக்குமேல் கிடக்கும் சரக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. பரணில் ஏறினால் டியூப்லைட் சோக் ஒரு பெட்டி, யாரும் கேட்காத கலரில் சுவிட்ச் பிளேட், அப்பா வாங்கி வைத்த பீங்கான் ஃபியூஸ் கட்டை. "மாமா, இதெல்லாம் எக்ஸிபிஷன்ல வைக்கலாம்" என்றான் அக்கா மகன். மொத்தச் சரக்கு 11,21,000 ரூபாய் வந்தது. அதில் பில் சரியாக இருந்தது 8,26,000க்கு, இன்புட் 1,26,000. மீதி 2,95,000க்குள் இருந்த 45,000 ரூபாய் வரி போனது போனதுதான். அந்தச் சரக்கை இனி விற்றால் அதற்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும், கொடுத்த வரி திரும்பாது. கிடைத்த 1,26,000 கூட இனாம் இல்லை, அந்தச் சரக்கு விற்கும்போது கட்ட வேண்டிய வரியில்தான் கழியும். (இன்புட் 2 லட்சத்தைத் தாண்டினால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சான்றும் வேண்டும். எனக்குத் தாண்டவில்லை, அதில் ஒரு செலவு மிச்சம்.)

இதைவிட எதிர்பாராத ஒன்று கடை வாடகை. என் கடை ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, மாதம் 14,000 வாடகை. பதிவு இல்லாதவரிடமிருந்து கடையை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்ற ஆள் அந்த வாடகைக்கு 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 இல் வந்தது. காம்போசிஷன்காரர்களுக்கு மட்டும் பிறகு விலக்குக் கொடுத்தார்கள், அதனால் எனக்கு அது தெரியவே இல்லை. வெளியே வந்ததும் மாதம் 2,520 ரூபாய், இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம், கடைசியில் நஷ்டமில்லை. ஆனால் இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே.

பொடிக்குத் தனி நம்பர் வாங்கவில்லை. ஒரே மாநிலத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பதிவு வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, நம்பரில் அந்த 1 இருந்த இடத்தில் 2 வரும். ஆனால் ரிட்டர்ன் இரண்டு, இன்புட் இரண்டும் கலக்காது, இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்கு நாமே சரக்கு எடுத்துப் போனாலும் பில் போட்டு வரி கட்ட வேண்டும். நாளைக்கு ஒன்றை மட்டும் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் உதவும். எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இருக்கிற பதிவிலேயே பொடியின் பெயரைக் கூடுதல் வியாபாரப் பெயராகவும், அம்மா வீட்டைக் கூடுதல் இடமாகவும் சேர்த்தோம். மாற்றம் நடந்து 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். வீடு அம்மா பெயரில் இருப்பதால் வீட்டு வரி ரசீது, கூடவே அவள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம். "என் வீட்டு அடுப்படிக்கு என்கிட்டயே சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு தனி, அது வேறு கதை.

பில் எண் வரிசை மட்டும் இரண்டாக வைத்துக்கொண்டேன். ஒரே பதிவில் ஒன்றுக்கு மேல் வரிசை வைக்கலாம், நிதியாண்டுக்குள் எண் திரும்ப வராமல் இருந்தால் போதும். எலக்ட்ரிக்கலுக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று. எது சம்பாதிக்கிறது எது சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. விற்பனை 5 கோடிக்குள் என்பதால் ரிட்டர்ன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், இடைப்பட்ட இரண்டு மாதமும் 25 ஆம் தேதிக்குள் பணம் மட்டும் கட்ட வேண்டும். பழைய வருடத்துக்கான காம்போசிஷன் ரிட்டர்ன் ஜூன் 30க்குள் பாக்கி, இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

கடைசியாகப் பெயர்ப்பலகை. காம்போசிஷன்காரர் அந்த விவரத்தைக் கடைப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. நான் 2017 இல் பெயின்டரை வைத்து எழுதியிருந்தேன். அதை அழிக்க அதே பெயின்டர் வந்தார். "என்னண்ணே, பெரிய ஆளாயிட்டீங்களா?" என்றார். அவருக்கு 400 ரூபாய்.

சித்திரையில் முதல் பார்சலை சித்திக்குத்தான் அனுப்பினேன், காரைக்காலுக்கு, அவள் தெருவில் கேட்ட வீடுகளுக்கும் சேர்த்து. பெங்களூர்ப் பையன் கேட்ட அதே கலவை, அதே 640 ரூபாய். பில்லில் பொடியின் விலை 609 ரூபாய் 52 காசு, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 5 சதவீதம் 30 ரூபாய் 48 காசு. மறுநாள் காலையில் ஃபோன்.

"பொடி நல்லாருக்குடா, அக்கா கை அப்படியே இருக்கு. அது சரி, பில்லுல என்னமோ முப்பது ரூபா போட்டிருக்கே, எனக்கேவாடா வரி?"

"நீ வேற மாநிலம் சித்தி" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டாள்.